ஏ பிளாக் ஒரே குடும்பம்

முதல் அறை விழுந்தபோது ஏ பிளாக் காபி குடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தரைத்தளத்தில் பிரேமலதா அக்கா பிஸ்கட்டை டம்ளருக்குள் முக்கிக்கொண்டிருந்தாள், முதல் மாடியில் செக்ரட்டரி ஞானப்பிரகாசம் சார் பேப்பரை மடித்து வைத்துக் குறுக்கெழுத்துக்கு விடை தேடிக்கொண்டிருந்தார், மாடிப்படியில் ஒருவர் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அத்தனை பேருடைய இடது கன்னத்திலும் ஒரே சமயத்தில் பளாரென்று அறை விழுந்தது. அறைந்தவர் யாரும் இல்லை. டம்ளர்கள் உருண்டன, பேப்பர் நனைந்தது, தக்காளிகள் படிக்கட்டில் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. கண்ணாடி முன்னால் போய் நின்றவர்கள் கன்னத்தில் நான்கு விரல் தடத்தையும், மோதிர விரல் பட்ட இடத்தில் சின்னதாக, சதுரமாக ஒரு சிவப்புக் கன்றலையும் பார்த்தார்கள்.

இரண்டாவது மாடியில் சுகிர்தாவும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவள் எதிரே மட்டும் அறைந்தவன் நின்றான்.

"ஊர்ல இருக்கறவன் கைக்கெல்லாம் வைத்தியம் பாக்கத் தெரியுது. என் வாட்ச்சை சார்ஜ்ல போட மட்டும் மறந்து போகுது, இல்ல?" என்றான் அவள் புருஷன் யுவராஜ்.

கீழே டம்ளர் உருளும் சத்தமும், பிரேமலதா அக்கா "ஐயோ" என்று அலறும் சத்தமும், பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியோடு சாயும் சத்தமும் அவளுக்குக் கேட்டன. கல்யாணமான நாளிலிருந்து அந்த அறை அவள் ஒருத்தியின் அறையாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கட்டடம் முழுக்க விழுந்திருக்கிறது. இனி யாராவது படியேறி வருவார்கள் என்று அவள் நினைத்தாள், நினைத்துக்கொண்டே கதவைப் பார்த்தாள்.

ஏ பிளாக்கில் யாரும் இதற்காக மந்திரவாதியைத் தேடிப் போகவில்லை. அங்கே இரண்டு வாரமாகவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பி பிளாக்காரர்கள் நடைப்போட்டிக்குக் கூப்பிட்டு, எந்த பிளாக் அதிகம் கொழுப்பைக் கரைக்கிறதோ அதற்குக் கோப்பை என்று சொன்னதும், ஏ பிளாக் மொத்தமும் மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிக்கொண்டது. பட்டையை உடற்பயிற்சி ஆப்போடு சேர்க்க வேண்டும், அந்த ஆப்பை என்ன தின்றோம் என்று கலோரி கணக்குப் பார்க்கும் இன்னொரு ஆப்போடு சேர்க்க வேண்டும்; ஆளாளுக்குத் தனித்தனியாகச் சேர்ந்தால் கட்டணம், ஒரே குடும்பம் என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே கட்டணம். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓர் ஆணியைக்கூட வீணாக்க விடாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஞானப்பிரகாசம் சார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு ஏ பிளாக் முழுவதையும் ஒரே குடும்பமாகப் பதிந்துவிட்டார். தன்னை அப்பா என்று போட்டார். இரண்டாவது மாடிப் பெண்களை மகள்கள் என்று போட்டார். பிரேமலதா அக்காவை மனைவி என்று போடக் கை கூசி, மாமியார் என்று போட்டுவிட்டார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவருக்கு மாமியாராகிவிட்ட அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பட்டைகளை எல்லாம் சேர்த்து வைத்தது சுகிர்தாதான். அந்த பிளாக்கில் அதற்குப் பொறுமை இருந்தது அவளுக்கு மட்டும். எம்.எஸ்ஸி. படித்தவள், நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள். முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டு, ஒவ்வொருவரையும் மணிக்கட்டை வைத்தே அடையாளம் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசலில் வரிசை நிற்கும். "ஏம்மா, இது சிங்க் ஆக மாட்டேங்குது." "பாருடி, நான் கோயிலைச் சுத்துனதை இது கணக்குலயே எடுத்துக்கல." அவள் ஒவ்வொரு கையாக வாங்கி, அழுத்தி, காத்திருந்து, அந்தச் சின்ன வட்டம் சுற்றி முடிந்ததும் திருப்பிக் கொடுப்பாள்.

அப்படிக் கடைசிக் கையையும் சேர்த்து முடித்த மறுநாள் காலையில், பிரேமலதா அக்கா பூங்காவைச் சுற்றி ஓட, படுக்கையில் கிடந்தவர்களின் கெண்டைக்காலெல்லாம் வலித்தது. யாரோ ஒருவர் வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி தின்ன, எல்லார் வீட்டிலும் புளிச்ச ஏப்பம் வந்தது. வெள்ளிக்கிழமை விரதமிருந்தவர்களின் வயிற்றில் மூன்றாவது மாடிக்காரர் தின்ற மட்டன் போய் நிறைந்ததில் விரதம் கெட்டதா இல்லையா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. ஆப் தங்களை ஒரே குடும்பமென்று நம்பிவிட்டது, ஓர் உடம்பில் நடப்பதை எல்லா உடம்புக்கும் அனுப்புகிறது என்று புரிந்துகொண்டு, யார் எப்போது ஓடுவது, யார் எப்போது எண்ணெய்ப் பலகாரம் போடுவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். பட்டையைக் கழற்றி வைத்துப் பார்த்தவர்களுக்கும் ஏப்பம் வரத்தான் செய்தது. அப்பா என்று பதிந்திருப்பவர் தன் போனிலிருந்து நீக்கினால்தான் ஒருவர் குடும்பத்திலிருந்து வெளியேற முடியும். கோப்பை கைக்கு வரும் வரை யாரையும் நீக்குவதாக ஞானப்பிரகாசம் சார் இல்லை.

யுவராஜ் மட்டும் அந்தக் குடும்பத்தில் சேரவில்லை. "எனக்கு ஆபீஸ்லயே குடுத்திருக்கான் சார்," என்று தன் கறுப்புப் பட்டையைக் காட்டினான். அது வேறு கம்பெனி, அதற்கு வேறு ஆப். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

அறை விழுந்த மறுநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்க வந்தவர்களெல்லாம் கன்னத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். யுவராஜ் வந்து பைக்கை உதைத்தான். ஆக்சிலேட்டரை முறுக்கிய கையில் சதுரப் பவளம் பதித்த மோதிரம் வெயிலில் மின்னியது; செவ்வாய் கோபம் தணிய வேண்டுமென்று ஸ்ரீரங்கத்து ஜோசியர் போடச் சொன்னது. அத்தனை பேரும் மோதிரத்தைப் பார்த்தார்கள், பிறகு பால் பாக்கெட்டைப் பார்த்தார்கள். தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்வதில் ஏ பிளாக்குக்கு நெடுநாள் பழக்கம் இருந்தது. முன்பெல்லாம் இரண்டாவது மாடியில் சத்தம் கேட்டால் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்கள்.

இரண்டாவது அறைக்கும் அப்படியே இருந்தார்கள். மூன்றாவது அறை பிரேமலதா அக்காவின் மகள் நிவேதாவின் கன்னத்தில், வேலைக்கு நேர்காணல் போகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம் விழுந்தது. அன்றைக்கே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். சுகிர்தாவைக் கூப்பிடவில்லை, அவள் பால்கனியில் துணி உலர்த்துவது போல நின்று கேட்டாள்.

"இந்த மூஞ்சியோட எம்பொண்ணு எப்படி சார் போய் உக்காருவா? யார் அடிச்சான்னு கேட்டா ஆப் அடிச்சுதுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"போலீஸ்ல சொல்லலாமா?"

"சொல்லி? பிளாக் பேரு கெட்டுப் போகும். நாளைக்கு வீட்டை வாடகைக்கு விடணும்னா எவன் வருவான்?"

"புருஷன் பொண்டாட்டி விஷயம். நாம எப்படிங்க உள்ள போறது?"

"உள்ள போகலதான். அடி வெளிய வருதே!"

சிலர் சிரித்தார்கள். சிரித்தபோது எல்லாருக்கும் கன்னம் வலித்தது. கடைசியில் ஞானப்பிரகாசம் சாரும் இன்னும் இருவரும் பேசிவருவது என்று முடிவானது. படியில் காலடிச் சத்தம் கேட்டபோது சுகிர்தா ஈரத்துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வருகிறார்கள். ஆனால் அவர்கள் மேலே வரவில்லை. படித் திருப்பத்தில் யுவராஜைப் பார்த்து, அங்கேயே நின்று, ஞானப்பிரகாசம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "தம்பி, நாங்க எதுலயும் தலையிட வரல. மூஞ்சில மட்டும் வேண்டாம். எல்லாரும் வேலைக்குப் போறவங்க, பாருங்க."

"சாரி சார். கவனிச்சுக்கிறேன்," என்றான் யுவராஜ், ரொம்ப மரியாதையாக.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதற்குப் பிறகு அடி முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது, தொடையில் விழுந்தது, முழங்கை உள்மடிப்பில் திருகலாக விழுந்தது. புடவைக்குள்ளும் சட்டைக்குள்ளும் மறைகிற இடமாகப் பார்த்து விழுந்தது. ஏ பிளாக் அதற்கும் தன்னைத் தயார் செய்துகொண்டது. சாயங்காலம் அவனுடைய பைக் சத்தம் கேட் பக்கம் கேட்டதும், வடை சுடுகிறவள் அடுப்பை அணைத்தாள், காய் நறுக்குகிறவள் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள், ஷேவிங் செய்கிறவர் பிளேடைக் கீழே வைத்தார், குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவள் தொட்டிலில் போட்டாள், எல்லாரும் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். விழுந்தது, விழுந்து முடிந்தது என்று தெரிந்ததும் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார்கள். உப்பு ஒத்தடத்துக்குத் துணி மடித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. பெண்கள் முறை போட்டுக்கொண்டு சுகிர்தா வீட்டுக்குக் குழம்பும் பொரியலும் அனுப்பினார்கள். அவன் குறை சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது அல்லவா. ஞாயிற்றுக்கிழமை கையை நீட்டிக்கொண்டு வருபவர்கள், அவள் குனிந்து அழுத்திக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"எதுத்துப் பேசாதம்மா. எங்களுக்காக."

"பசங்களுக்கு அடுத்த வாரம் பரீட்சை. கொஞ்சம் பாத்து நடந்துக்கோ."

அவர்கள் முதுகில் இருந்த கன்றல்கள் எல்லாம் எந்த இடத்தில், எந்த நிறத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே கன்றல்களை அவளும் சுமந்துகொண்டிருந்தாள். தன் வலி முழுவதையும் அறிந்த இத்தனை பேரோடு ஒருத்தி இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. நாமக்கல்லில் இருந்த அக்காவுக்குப் போன் செய்தாள். "பொங்கலுக்கு வருவீங்கல்ல, அப்ப அத்தானை விட்டுப் பேசச் சொல்றேன்," என்றாள் அக்கா.

அதற்குள் ஏ பிளாக் ஜெயிக்க ஆரம்பித்திருந்தது. பைக் சத்தத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அத்தனை நெஞ்சும் தடதடவென்று அடித்துக்கொள்வதை பட்டைகள் கடும் உடற்பயிற்சி என்று எழுதிக்கொண்டன. ஓடாமல், நடக்காமல், சுவரோரம் உட்கார்ந்தபடியே ஏ பிளாக்கின் கொழுப்பு கரைந்தது. பி பிளாக்காரர்கள் கேட்டருகே நின்று, "என்ன சார் சாப்பிடறீங்க, ஆளே பாதியாயிட்டீங்க!" என்று பொறாமைப்பட்டார்கள். பிரேமலதா அக்கா ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். "வலிக்குதுதான். ஆனா சுகர் இறங்கியிருக்குடி, பொய் சொல்லக் கூடாது," என்று சுகிர்தாவிடமே சொன்னாள். சொல்லிவிட்டு அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

யுவராஜின் கறுப்புப் பட்டையும் எழுதிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் அவன் பெல்ட்டால் அடித்து ஓய்ந்து, சோபாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, அவன் மணிக்கட்டு அதிர்ந்தது. அவன் திருப்பிப் பார்த்தான். தரையில் கிடந்த சுகிர்தாவும் பார்த்தாள். சின்னத் திரையில் வாண வேடிக்கை வெடித்து, சபாஷ், இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று வந்தது. அவன் முகத்தில் சின்னதாக ஒரு திருப்தி படர்ந்தது. தேர்வில் பாசான மாணவனுடைய முகம் அது. அதுவரைக்கும் அவளுக்கு அவன்மேல் பயம் மட்டும்தான் இருந்தது.

விலா எலும்பு முறிந்தது கோப்பை நாளுக்கு முந்தைய நாள். அவன் உதைத்தான், அவள் கட்டில் விளிம்பில் போய் விழுந்தாள், ஏ பிளாக் மொத்தமும் ஒரே சமயத்தில் மூச்சை இழந்தது. மாடிப்படியில் மனிதர்கள் மடிந்து உட்கார்ந்தார்கள், நிவேதா வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு ரத்தம் துப்பினாள், குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்து வீறிட்டு அழுதன. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்த ஞானப்பிரகாசம் சார் கேட்டருகே மல்லாந்து விழுந்து, உதடு நீலமாகி, வாட்ச்மேன் நெஞ்சை அழுத்தி அழுத்தித் திருப்பி வரவழைக்கும் வரை செத்துக்கிடந்தார். டாக்டர் இருக்கச் சொல்லியும் கேட்காமல், கோப்பை நாளைத் தவறவிடக் கூடாதென்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றிரவே இரண்டாவது கூட்டம் நடந்தது. இந்த முறை பேச்சு அதிகம் இல்லை.

மறுநாள் மதியம் ஞானப்பிரகாசம் சார் சுகிர்தா வீட்டுக்கு வந்தார். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் பட்டைக்காக இல்லாமல் அவளிடம் பேசவென்று படியேறி வந்திருந்தார். உள்ளறையில் யுவராஜ் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கறுப்புப் பட்டை கட்டிய கையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவர் வாசலிலேயே நின்றார். விலாவைக் கையால் அணைத்தபடி அவர் நின்ற விதமும், அவள் நின்ற விதமும் ஒன்றாக இருந்தன.

"தப்பா நினைக்காதம்மா," என்றார். "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. இன்னொரு தடவை விழுந்தா நான் எந்திரிக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"சரிங்க சார்."

"சாயந்திரம் கோப்பை குடுத்ததும் உன்னைக் குடும்பத்துலேர்ந்து எடுத்துடலாம்னு... இப்பவே எடுத்துட்டாலும் பரவாயில்ல, கோப்பைக்குப் போதுமான அளவுக்குக் கரைஞ்சாச்சு." போனை நீட்டினார். "எங்க போய் எதை அழுத்தணும்னு எனக்குத் தெரியலம்மா. உனக்குத்தானே தெரியும். நீயே உன்னை எடுத்துடு."

அவள் போனை வாங்கிக்கொண்டாள். வழக்கமாக எல்லார் கையையும் வாங்கிக்கொள்வது போலவே, இரண்டு கையாலும்.

"கீழ போய் உக்காருங்க சார். படியில நிக்காதீங்க. நான் கொண்டாந்து தரேன்."

அவர் போனார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். குடும்பத்துப் பெயர்கள் வரிசையாக வந்தன, மாமியார் பிரேமலதா, பேத்தி நிவேதா, மகள் சுகிர்தா. தன் பெயருக்கு எதிரே நீக்கு என்று இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதை அழுத்தினால் அடி மறுபடி அவளுடையதாக, அவள் ஒருத்தியுடையதாக ஆகிவிடும்; கீழே யாரும் அடுப்பை அணைக்க வேண்டியதில்லை, டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் போதும். அவள் விரல் அதைத் தாண்டிக் கீழே போனது. புது உறுப்பினரைச் சேர். அருகில் உள்ள பட்டைகளைத் தேடு. போன் தேடியது, தூங்குகிறவனின் மணிக்கட்டில் கறுப்புத் திரை விழித்துக்கொண்டு சம்மதமா என்று கேட்டது, அவள் குனிந்து, பட்டையில் பூப்போல ஒரு விரல் வைத்தாள். இரண்டு ஆப்புகளும் முதன்முதலாக ஒன்றோடொன்று பேசின. அப்பாவுக்கு என்ன உறவு என்று போன் கேட்டது. மகன் என்று போட்டாள். குடும்பத்தின் பழைய பதிவுகளையும் இவருக்கு இறக்கவா என்று கேட்டது.

அவள் ஆம் என்றாள். வட்டம் சுற்றத் தொடங்கியது.

முதலில் வந்தது சார்ஜ் போட மறந்த அறை. இடது கன்னத்தில் பளாரென்று விழுந்து, அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். கன்னத்தில் நான்கு விரலும் சதுரமும் பதிந்திருந்தன. "ஏய்!" என்றான். இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தது, நிவேதாவின் நேர்காணலுக்கு முந்தைய நாளுடையது. அவன் காற்றில் கையை வீசினான், கட்டிலைவிட்டுக் குதித்தான், அவள் கை மடியில் கிடப்பதையும் மடியில் போன் இருப்பதையும் பார்த்தான். அதற்குள் முதுகுக்கான அடிகள் வர ஆரம்பித்தன. ஆறு மாதச் சாயங்காலங்கள் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு இறங்கின. பெல்ட் இல்லாமல் பெல்ட் விழுந்தது, சட்டை கிழியாமல் தோல் கிழிந்தது, முழங்கை தானாகப் பின்பக்கம் திருகிக்கொண்டு மளுக்கென்றது. அக்காவுக்குப் போன் செய்ததற்கு வாங்கியது, பால்கனியில் நின்றதற்கு வாங்கியது, சிரித்ததற்கு வாங்கியது, சிரிக்காததற்கு வாங்கியது, ஒவ்வொன்றும் வந்தபோது அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவன் பட்டையைப் பிய்த்துச் சுவரில் எறிந்தான். அது கட்டிலுக்கடியில் போய் விழுந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசியாக உதை வந்தது. கட்டில் விளிம்பில் விலா முறிந்த சத்தம் கேட்டு, அவன் வாய் நிறைய ரத்தத்தோடு அலறினான். அந்த அலறல் வயலூர் ரோடு வரை போனது.

ஏ பிளாக் அதைக் கேட்டது. எல்லாரும் பழக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பல்லைக் கடித்தார்கள். ஒன்றும் விழவில்லை; அவரவர் பங்கை அவரவர் எப்போதோ வாங்கியிருந்தார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், முதுகைத் தடவிப் பார்த்தார்கள், பிறகு எழுந்து ஓடிவந்தார்கள். ஒரு பெண் அழுத சத்தத்துக்கு இத்தனை காலம் தட்டப்படாத கதவை, ஒரு நிமிஷத்துக்குள் பத்துக் கைகள் தட்டின.

"தம்பிக்கு என்னாச்சு? கதவைத் தொறம்மா! தம்பி!"

சுகிர்தா கதவைத் திறந்தாள். வராந்தா முழுக்க நின்றார்கள், முன்னால் பிரேமலதா அக்கா, அவளுக்குப் பின்னால் நிவேதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஞானப்பிரகாசம் சார். அவள் போனை அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துட்டியாம்மா?"

"இல்ல சார். சேத்துட்டேன்." முதன்முதலாக அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "உங்க மகன்னு போட்டிருக்கேன். இனிமே எல்லாருக்கும் விழறது அவருக்கும் விழும். அவருக்கு விழறது உங்க எல்லாருக்கும் விழும். வேண்டாம்னா நீக்கிக்கோங்க. எதை அழுத்தணும்னு நான் சொல்லித் தர மாட்டேன்."

ஞானப்பிரகாசம் சார் போனைப் பார்த்தார், திரையில் வாண வேடிக்கை வெடித்துக்கொண்டிருந்தது, குடும்பத்துக்கு நல்வரவு. பிரேமலதா அக்கா அதை அவர் கையிலிருந்து எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள். "மாமியார்தானே நான்."

உள்ளே யுவராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. தள்ளாடி வாசல்வரை வந்தான், அத்தனை பேர் நிற்பதைப் பார்த்தான், சுகிர்தாவைப் பார்த்தான். திருகாத வலது கை, பவள மோதிரத்தோடு, பழக்கத்தில் மேலே போனது. வராந்தாவில் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். யாரும் பின்னால் போகவில்லை. ஓங்கிய கையின் கீழே அவன் கன்னமும் துடித்தது, அவன் கண்ணும் இறுக மூடிக்கொண்டது, கை அங்கேயே, காற்றிலேயே நின்றது.

கண்ணை மூடாமல் நின்றவள் சுகிர்தா மட்டும்தான்.